கிணற்றுக்குத் தண்ணீர் ஏற்றிய கதை

முதல் நாள் வேலை கேட்டுப் போனபோது முதலாளி என்னிடம் லைசன்ஸ் கேட்கவில்லை. ஒரு செம்பு கிணற்றுத் தண்ணீர் தந்தார்.

"குடிச்சுப் பார்த்துச் சொல்லும் தம்பி."

"இளநீர் மாதிரி இருக்கு முதலாளி."

அன்றே நான் அவருடைய டிராக்டர் டிரைவர்.

எண்பதுகளின் நடுப்பகுதி. வடமராட்சி கிழக்குக் கரை. வெளிநாட்டுக் காசில் ஊரெல்லாம் வீடு எழும்பிய காலம். கடலுக்கும் முதலாளியின் வளவுக்கும் நடுவே பெரிய மணல் கும்பி ஒன்று இருந்தது. அதைச் சவளால் அள்ளி அள்ளி, டிராக்டர் பெட்டியில் ஏற்றி விற்றோம். மகள் வசந்திக்கு அந்த வளவிலேயே சீதன வீடு கட்டியதும் அந்த மணலில்தான். வீடு மேலே வர, கும்பி கீழே போனது.

வீடு முடிந்த வருடமே கிணறு உவராகிவிட்டது. மழைத் தண்ணீரைக் குடித்து வைத்து, கடலைத் தள்ளி நிறுத்தியது அந்தக் கும்பிதான். முதலாளியிடம் சொன்னால், "உது கோடையாலை. மாரிக்கு மாறும்" என்பார். மாரி வந்தது. மாறவில்லை.

அந்த நேரம் பார்த்துப் பண்டத்தரிப்பிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருவதாகச் சொல்லியனுப்பினார்கள். தோட்டக்காரர்கள். சீதனத்தில் கிணறும் சேர்த்தி என்பதால், வீட்டைப் பார்க்குமுன் தண்ணீரைத்தான் குடித்துப் பார்ப்பார்கள். அவர்கள் வரும் நாள் காலையிலேயே முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

"இராசு, கோயில் கிணத்திலை நல்ல தண்ணி பெரிய தகரப் பரல்களிலை அள்ளிவந்து எங்கடை கிணத்துக்கை ஊத்து."

"கிணத்துக்கே தண்ணி வாக்கிறதோ முதலாளி?"

"கதைக்காமல் போடா!"

ஊற்றினேன். நல்ல தண்ணீர் உவருக்கு மேலே நின்றது. மாப்பிள்ளையின் பெரியப்பா ஒரு வாய் குடித்துவிட்டு, "அருமையான தண்ணி" என்றார். முதலாளிக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் வந்தது ஒரு வான் நிறைய ஆட்கள். கால் கழுவாமல் வீட்டுக்குள் போவார்களா? வாளி வாளியாக அள்ளினார்கள்.

"காணும், காணும், இனி அள்ளாதேங்கோ, கால் துப்பரவாத்தான் இருக்கு" என்று முதலாளி கெஞ்சாத குறை.

பலகாரம் தின்று, வாய் கொப்பளிக்கப் போன பெரியப்பா அப்படியே துப்பினார்.

"அண்ணை, வரேக்கை கிணறாய் இருந்தது. இப்ப கடலோ?"

எனக்குச் சிரிப்பு வந்தது. கதவோரம் நின்ற வசந்தியின் முகத்தைப் பார்த்ததும் அது போய்விட்டது. பெரியப்பாவும் அவளைத்தான் பார்த்தார்.

"பிள்ளையிலை ஒரு குறையுமில்லை. கலியாணத்தை வைப்பம். ஆனா இருக்கிறது எங்கடை ஊரிலை."

அப்படியே நடந்தது. சீதன வீட்டில் முதலாளியும் மனைவியும் மட்டும். எனக்கு வேலை போகவில்லை. மணல் ஏற்றிய அதே பெட்டியில் தினமும் அவர்களுக்குத் தண்ணீர் ஏற்றினேன். மணல் தொழிலுக்கு வரும் தம்பிமார், சவளை எடுக்குமுன் கிணற்றை ஒருமுறை எட்டிப் பாருங்கள்.

வசந்தி முதன்முதல் தாய்வீடு வந்தபோது ஒரு கலன் தண்ணீர் கொண்டுவந்தாள்.

"எங்கடை கிணத்துத் தண்ணி அப்பா. குடிச்சுப் பார்த்துச் சொல்லுங்கோ."

முதலாளி செம்பில் வாங்கி, கீழே வைக்காமல் குடித்தார். கண் கலங்கிவிட்டது.

"எங்கடையும் இப்பிடித்தான் இருந்தது, பிள்ளை."