மோட்சம் தெரிஞ்சுதா என்று கேட்டாள் அம்மா

குடவாசல் பக்கம் எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒருத்தர் துபாயிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள். அவர்கள் வேலை ஊருக்குப் புரியும். என் வேலைதான் தலைவலி. விண்வெளித் தொலைநோக்கி அனுப்பும் படங்களுக்கு அமெரிக்காவில் உட்கார்ந்து அழுக்கெடுக்கிறேன். "போட்டோ ஸ்டுடியோவுல இருக்கா" என்று அம்மா ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தாள்.

ஒரு கல்லறைத் திருநாளுக்கு லீவில் வந்திருந்தேன். ஐப்பசி மழையில் அப்பா கல்லறையில் ஒரு மெழுகுவத்தியும் நின்று எரியவில்லை. பங்குச் சாமியார் ஒவ்வொரு கல்லறையாக மந்திரித்துக்கொண்டு வந்தார். ஒரே குடைக்குள் நானும் அம்மாவும் காத்து நின்றோம்.

"அந்தக் கருவி ரொம்ப தூரம் பாக்குதாமே. மோட்சம் எங்கயாச்சும் தெரிஞ்சுதா?"

விளையாட்டுக் கேள்வி இல்லை. வயலில் மோட்டார் போடப் போன அப்பா அப்படியே சாய்ந்துவிட்டார். உயிர் பிரியுமுன் எண்ணெய் தொட்டு அவஸ்தை பூசச் சாமியாரைக் கூப்பிடக்கூட நேரமில்லை. மனுஷன் மோட்சம் போனாரா, பாவக்கடன் தீரும்வரை உத்தரிக்கிற ஸ்தலத்தில் வெந்துகொண்டிருக்கிறாரா என்பது அம்மாவின் தீராத கவலை. பூசையைவிடச் சாராயக் கடைக்கு ஒழுங்காகப் போனவருக்கு இவ்வளவு கவலை அதிகம் என்பது என் கட்சி.

"தூசிக்குள்ளயும் ஊடுருவிப் பாக்கும்மா. நட்சத்திரம் பொறக்குறதெல்லாம் தெரியுது. மோட்சம் மட்டும் இன்னும் சிக்கல. அதுவும் பாக்குறதெல்லாம் பழைய வெளிச்சம். வந்து சேரவே வருஷக்கணக்கா ஆவுது."

"மேட்டூர்ல தொறந்த தண்ணி நம்ம வாய்க்காலுக்கு வர்ற மாதிரின்னு சொல்லு."

"அதேதான்." கர்வம் தலைக்கேறியது. "இங்கேருந்தும் வெளிச்சம் போவுது. அது பத்து வருஷம் போற தூரத்துல ஒருத்தன் இதவிடப் பெரிய தொலைநோக்கி வச்சிருந்தா, இன்னைக்கு அவன் கண்ணுக்கு அப்பா உயிரோட நடமாடுவாரு." அப்பா போய் ஏழெட்டு வருஷம்தான் ஆகியிருந்தது.

அம்மா வாயில் கைவைத்தாள். "அடிப் பாவி! கொடியேத்தத்து அன்னைக்குக் குடிச்சிட்டு வேட்டி இல்லாம வாய்க்கால்ல கெடந்தாரே, அதையுமா பாப்பான்? மானம் போச்சு!"

இருவரும் வாய்விட்டுச் சிரித்தோம். பக்கத்துக் கல்லறைக்காரர்கள் முறைத்தார்கள். முறைக்கட்டும்.

சாமியார் வந்து தீர்த்தம் தெளித்துவிட்டுப் போனார். அம்மா சிலுவை போட்டுக்கொள்ள மறந்து, மூடிக்கிடந்த வானத்தையே பார்த்தபடி நின்றாள்.

"எவனோ ஒருத்தன் பாப்பான். முப்பது வருஷம் அந்த மனுஷனோட குப்ப கொட்டுன நான் பாக்க முடியாது," என்றாள். "இது என்னடி நியாயம்?"