ஸ்கேல் மேல் வைத்த சாவி

என் வீட்டுக்காரரை ஊரே சாவிக்காரர் என்றுதான் கூப்பிடும். பேருந்து நிலையத்துக்கு எதிரே, ஒருவர் உட்கார்ந்தால் இன்னொருவர் நிற்க வேண்டிய அளவில் ஒரு கடை. முப்பது வருடமாக அதற்குள் குனிந்து சாவிக்குப் பல் வெட்டுகிறார். வாயைத் திறந்து பத்து வார்த்தை சேர்ந்தாற்போல் பேசமாட்டார். ஆனால் கைக்கு ஸ்மார்ட்போன் வந்த நாளிலிருந்து ஒரு பைத்தியம் பிடித்துக்கொண்டது. வெட்டி முடித்த சாவியை ஸ்டீல் ஸ்கேல் மேல் படுக்க வைத்து, நேர் மேலிருந்து ஒரு போட்டோ. எந்தப் பல் எவ்வளவு ஆழம் என்று படத்திலேயே அளந்துவிடலாம். அதைத் தொழில்காரச் சிநேகிதர்களுக்கு அனுப்புவார். அவர்கள் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினால் மனிதருக்கு அன்று சாப்பாடே வேண்டாம். "என்ன, எக்ஸ்ரே எடுத்தாச்சா? எலும்பு முறிவு இருக்கா?" என்று நான் வம்புக்கு இழுப்பேன்.

எங்கள் மகள் போன மாதம் தனியாக வீடு பார்த்துக்கொண்டு போனாள். போனாள் என்ன, தப்பித்தாள். அவள் புருஷனை மருமகன் என்று சொல்ல எனக்கு வாய் கூசுகிறது. கட்டியவளின் கையை முறித்தவன். நாலு வயதுப் பேத்தியோடு மூன்றாம் மாடியில் இரண்டு அறை. விலாசம் எங்கள் இருவரைத் தவிர யாருக்கும் தெரியாது.

போன ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டுக்கு இவர் எங்களுக்கென்று இன்னொரு சாவி போட்டார். பெற்ற மனசு பூரித்துப் போயிற்று. வழக்கம் போல ஸ்கேல், வழக்கம் போல போட்டோ. குடும்பக் குழுவில் நாற்பத்திரண்டு பேர் இருக்கிறோம். 'மகள் வீட்டுச் சாவி, என் கைவேலை' என்று எழுதி அங்கே போட்டார். சாவி வளையத்தில் தொங்கிய அட்டையும் படத்தில் விழுந்திருந்தது, அதில் கட்டடத்தின் பெயரும் கதவு எண்ணும் இருந்தன. நானும் பார்த்தேன். பார்த்துவிட்டு ஒரு இதயம் வேறு போட்டேன்.

வியாழக்கிழமை கடைக்கு யாரோ ஒரு ஆள் வந்து, ஏதோ ஒரு சாவியின் படத்தைப் போனில் காட்டினானாம். "சாவி ஊர்ல இருக்குங்க. இந்தப் போட்டோவை வெச்சுப் போட்டுத் தர முடியுமா?"

"முடியாது, போயிட்டு வாங்க" என்று இவர் அனுப்பிவிட்டார். முடியும் என்பது இவருக்குத் தெரியும். தான் குழுவில் போட்ட படம் அப்போதுதான் உறைத்திருக்கிறது. கடையைப் பாதி சாத்திவிட்டு மதியமே வீட்டுக்கு வந்து நின்றார். முகத்தில் ஈயாடவில்லை.

"அந்தப் போட்டோவை அழிக்கணும்" என்றார்.

நாள் கடந்துவிட்டதால் எங்கள் போனில்தான் அழிந்தது, மற்றவர்களிடம் அப்படியே இருந்தது. யாராவது வெளியே அனுப்பினீர்களா என்று குழுவில் கேட்டோம். என் நாத்தனார் உடனே போன் செய்தாள். இந்தக் கல்யாணத்தை முடித்து வைத்த புண்ணியவதி.

"நான்தான் அண்ணி, மாப்பிள்ளைக்கு அனுப்பினேன். பார்த்தாவது அவர் மனசு மாறட்டுமேன்னு. தப்பா?"

நான் பாதியிலேயே போனை வைத்துவிட்டு மகளைக் கூப்பிட்டேன்.

இவர் கடையில் இருந்து பூட்டுக்குள் சாவி நுழையும் புதுச் சிலிண்டர் ஒன்றை எடுத்துக்கொண்டார். மகள் அரைநாள் லீவு போட்டுவிட்டு வந்து கதவைத் திறந்தாள். பழைய பூட்டின் சிலிண்டரைக் கழற்றி, ஒரு வெள்ளைத் தாளின் மேல் கவிழ்த்துத் தட்டினார். மஞ்சளாகக் கொஞ்சம் தூள் விழுந்தது. ஒரு சிட்டிகை கூட இருக்காது.

"என்னப்பா அது?"

"பித்தளைத் தூள். புதுசா வெட்டின சாவியில ஒட்டிக்கிட்டு வரும்" என்றார். பிறகு, "உங்கிட்ட இருக்கறதும் வெள்ளைச் சாவி, நான் போட்டதும் வெள்ளை. இது வேற யாரோ வெட்டின பித்தளைச் சாவி" என்றார்.

"எதாவது காணாமப் போயிருக்காம்மா?" என்று கேட்டேன்.

"ஒண்ணுமே போகலைம்மா. எல்லாம் வெச்சது வெச்ச இடத்துலதான் இருக்கு" என்று சொல்லிக்கொண்டே சமையலறைக்குள் போனவள் நின்றுவிட்டாள். பிரிட்ஜ் கதவில் காந்தம் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. அதன் கீழே இருந்த பேத்தியின் படம் இல்லை. புதுப் பள்ளியில் சேர்ந்த முதல் நாள் சீருடையோடு எடுத்த படம். சட்டைப் பையின் மேல் பள்ளியின் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும்.

மணி இரண்டே முக்கால். மூன்று மணிக்குப் பள்ளி விடும்.

அடுத்தவர் வீட்டுக் கதவு லேசாகத் திறந்திருந்தாலே இழுத்துச் சாத்திவிட்டு வரும் மனிதர் இவர். அன்றைக்குப் பூட்டு இருந்த இடத்தில் ஓட்டையோடு கதவை அகலத் திறந்து போட்டுவிட்டு, எங்களுக்கு முன்னால் படியிறங்கி ஓடினார்.

குழந்தை இருந்தாள். ஆயாவின் கையைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றாள். மகள் அவளை அள்ளிக்கொண்டாள், நாங்கள் இருவரும் மகளைக் கட்டிக்கொண்டோம். போன உயிர் திரும்பி வந்தது. சுற்றுமுற்றும் பார்த்தேன். தெரிந்த முகம் ஒன்றும் இல்லை. இருவரையும் எங்கள் வீட்டுக்கே கூட்டிக்கொண்டு வந்துவிட்டோம்.

சாயங்காலம் குடும்பக் குழுவில் ஒரு படம் வந்தது. பள்ளி வாசலில் நாங்கள் நாலு பேரும் கட்டிக்கொண்டு நிற்கிறோம். சாலைக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து எடுத்தது. போட்டவள் நாத்தனார்.

'மாப்பிள்ளை அனுப்பினார். தூர நின்னு எடுத்தாராம். பாவம், கிட்ட வரக் கூச்சமாம். எவ்வளவு அழகா இருக்கீங்க பாருங்க' என்று எழுதியிருந்தாள்.

இவர் போனை என்னிடம் நீட்டினார். அதற்குள் முப்பத்தாறு பேர் இதயம் போட்டிருந்தார்கள்.