சத்தமில்லாமல் அழுத பிள்ளை

என் மகள் பிறந்த ஒன்பதாம் நாள் அவள் வாய் திறந்து அழுவதைப் பார்த்தேன். முகம் சிவந்தது, நாக்கு நடுங்கியது. சத்தம் மட்டும் வரவில்லை.

பிள்ளை ஊமை என்று முடிவு செய்துவிட்டேன்.

குளச்சலில், அம்மா வீட்டில் பிரசவம். என் வீட்டுக்காரர் கொழும்பில் வேலையில் இருந்தார். பெற்ற மறுநாளே எனக்கு முறைக்காய்ச்சல் (குளிரோடு விட்டுவிட்டு வரும் மலேரியா) கண்டது. ஒரு வாரம் நினைவில்லை. அதற்குள் என்னவோ நடந்திருக்கிறது, எல்லாரும் சேர்ந்து மறைக்கிறார்கள் என்று பட்டது. அம்மாவும், துணைக்கு வந்திருந்த நாத்தனாரும் என் எதிரிலேயே குசுகுசுத்தார்கள். நான் திரும்பினால் வாயை மூடிக்கொண்டார்கள். எனக்கென்ன கண் இல்லையா?

"பிள்ள அழுவாளா?" என்று அம்மாவிடம் கேட்டேன்.

அம்மா என் முகத்தருகே வந்தாள். "என்ன கேள்வி கேக்க மக்கா? வீடே இடியுதுல்லா!"

நான் நம்பவில்லை. பொய் சொல்பவர்கள்தான் இவ்வளவு கிட்டே வருவார்கள் என்று நினைத்தேன். பால் கொடுக்கும்போதுகூட பிள்ளையின் தொண்டையைத்தான் வேவு பார்த்துக்கொண்டிருந்தேன். யாரோ பெற்ற பிள்ளையைப் போல அவளை வைத்திருந்ததை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

அவர்களுக்கும் என்மேல் சந்தேகம். பக்கத்தில் பிள்ளை அலறும்போது நான் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பேனாம். காய்ச்சல் மூளைக்கு ஏறிவிட்டது, பிள்ளையை இராஜாக்கமங்கலத்தில் தன் வீட்டுக்குக் கொண்டுபோய் வளர்க்கலாம் என்று நாத்தனார் ஏற்பாடு செய்துவிட்டாள். பிள்ளைத் துணிகளை அவள் மூட்டை கட்டுவதைக் கண்டதும் நான் பிள்ளையை இறுக்கிக்கொண்டேன். ஊமையா இல்லையா என்று டாக்டர் சொல்லட்டும், அதுவரை தரமாட்டேன் என்று கத்தினேன்.

மாட்டுவண்டியில் மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டரம்மா தொட்டதும் பிள்ளை வாயைப் பிளந்தது.

"பாருங்க, சத்தமே இல்ல" என்றேன்.

டாக்டரம்மா பிள்ளையை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். என்னவோ கேட்டார்.

"கடல் இரைச்சல்ல ஒண்ணும் கேக்கல்ல."

அவர் என் காதோடு குனிந்து உரக்கக் கேட்டார்: "இங்க ஏதும்மா கடல்?"

கடல் சில மைல்களுக்கு அப்பால் இருந்தது. ஆனி மாதத்து அலை என்று நான் ராப்பகலாகக் கேட்டது என் காதுக்குள்ளேயே இருந்த இரைச்சல். கொயினா (முறைக்காய்ச்சலுக்குக் கொடுக்கும் கசப்பு மருந்து) அளவு மீறினால் இப்படிக் காது அடைத்துப்போகுமாம். பிள்ளை அழுகை போன்ற கீச்சுக் குரல்கள்தான் முதலில் கேட்காமல் போகும் என்றார் டாக்டரம்மா.

அம்மா உடைந்துபோனாள். "காய்ச்சல் திரும்பிரப்பிடாதேண்ணு நாந்தான் கூடக் கூடக் குடுத்தேன்." அவள் என்னிடம் மறைத்தது அது ஒன்றைத்தான்.

"காது திரும்புமா?"

"சிலருக்குத் திரும்பும். அதுவரை கையால கேளுங்க" என்று என் உள்ளங்கையைப் பிள்ளையின் மார்பில் வைத்தார் டாக்டரம்மா. அழுகை கையில் அதிர்ந்தது. நானும் அழுதேன்.

அன்றிலிருந்து மணி பார்த்துப் பால் கொடுப்பதை விட்டுவிட்டேன். உறங்கும்போதும் கை அவள்மேல் கிடக்கும். பசி அழுகை விட்டுவிட்டு அதிரும். வயிற்றுவலி என்றால் ஒரே இழுப்பு. என்னைப்போல் கிடக்கும் தாய்மாருக்கு ஒன்று சொல்வேன்: பிள்ளையைச் சந்தேகிக்கும் முன் உங்கள் உடம்பை ஒருமுறை காட்டுங்கள்.

மார்கழியில் வலது காது கொஞ்சம் திறந்தது. அடுக்களையில் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். எங்கோ ஒரு பிள்ளை வீறிட்டது.

"எம்மா, யாருக்க பிள்ள இப்பிடி அழுவுது?"

அம்மா இடுப்பில் பிள்ளையோடு வந்து நின்றாள். "ஏட்டி, உனக்க பிள்ளதான்."

ஈரக்கையோடு வாங்கினேன். என்னிடம் வந்ததும் அவள் அழுகையை நிறுத்திவிட்டாள். அம்மாவிடம் அழுதால் போதும், எனக்கோ தொட்டால்தான் தெரியும் என்று எப்போதோ கற்றிருந்தாள். பசிக்கிறது என்று என் கன்னத்தில் தட்டினாள்.

இன்னொரு தடவை அழமாட்டாளா என்று வலது காதை அவள் வாயருகே வைத்துக் காத்திருந்தேன். அவள் தட்டிக்கொண்டே இருந்தாள்.