செருப்புப் போட்ட துணி

லோமே சந்தையில் பேர் இல்லாத துணி விலைபோகாது. பேர் வைப்பது அதை விற்கிற பெண்கள்தான்.

தையல்காரி எஞோனாமின் புருஷன் செருப்பைக்கூட மாட்டாமல் இன்னொருத்தியோடு போய்விட்டான். அதை அவள் துணிக்கடைத் தோழி மாசானிடம் மட்டும்தான் அழுதுகொண்டே சொன்னாள். பாவி, அவளைப் போய் நம்பினாள்.

அடுத்த மாதம் வாடிக்கைக்காரி ஒருத்தி, செருப்புப் படம் அச்சடித்த துணியைத் தைக்கக் கொண்டுவந்தாள்.

"ஊரே இதத்தான் உடுத்துது. 'செருப்ப விட்டுட்டு ஓடினவன்'னு பேரு."

எஞோனாம் நேரே மாசான் கடைக்குப் போனாள்.

"என் மானம்தான் கெடைச்சுதாடி உனக்கு?"

"உன் பேரயா வச்சேன்?" மாசான் கத்தரிக்கோலை எடுத்தாள். "கோவிச்சுக்காத. உனக்கும் ஆறு கஜம் வெட்டுறேன். அசல் வெலைக்கே எடுத்துக்கோ."