வெல்லக் காப்பியும் மருமகள் மாடும்

எங்க வூட்டுல காப்பின்னா வரக்காப்பி. வெல்லம் போட்டது. பால் ஊத்துற பழக்கம் இல்லை. எங்க பசு கறக்குறது அதோட கன்னுக்கே போதாது. ரேஷன்ல தர்ற வெள்ளைச் சக்கரையைப் பக்கத்து வூட்டுக்குக் கொடுத்துடுவோம். அங்க புள்ளைங்க அதிகம்.

மகனுக்குக் கண்ணமங்கலம் பக்கம் பொண்ணு எடுத்தோம். சீரோட ஒரு கறவை மாடும் வந்துச்சு. கீழ இருந்து வண்டியில எங்க மலை ஏறி வந்த மாடு. இறங்கினதும் என் கையை நக்குச்சு. எனக்குப் புடிச்சுப்போச்சு. வெளியில சொல்லலை.

மறுநாள் மருமகள் கறந்தா. சொம்பு நிறையப் பால். காய்ச்சினா. அடுப்புல கொதிச்சிக்கினு இருந்த எங்க காப்பியில ஊத்தினா. திரிஞ்சுபோச்சு. அடுத்த நாளும் திரிஞ்சுது. பாத்திரத்தைச் சாம்பல் போட்டுத் தேய்ச்சுப் பார்த்தா. அப்பவும் அதேதான். பாலைத் தனியாக் காய்ச்சினா நல்லா இருக்கு. காப்பியில சேர்ந்தாக் கெடுது.

மலைத் தண்ணி கீழ்நாட்டு மாட்டுப் பாலுக்கு ஒத்துக்கலைன்னு என் பொண்டாட்டி சொன்னா. நானும் தலையாட்டினேன். பக்கத்து வூட்டுக்காரி வேலியோரம் நின்னுக்கினு சொன்னா:

"மாட்டுக்கே மலை ஒத்துக்கல. பொண்ணுக்கு இன்னா ஆவுமோ."

அது மருமகள் காதுல வுழுந்துச்சு. அன்னைக்கு அவ சரியாச் சாப்புடலை. மாட்டுக்கிட்டயே போய் நின்னுக்கினா. மகன் லோடு வண்டிக்குப் போய்ட்டான். அவளுக்குன்னு இங்க இருந்தது அந்த மாடுதான்.

ஒத்துக்காத பாலை வெறுமனே குடிக்கவும் அடுத்தவங்களுக்குக் கொடுக்கவும் பயம். தினம் கறந்து தினம் கொட்டவும் மனசு வரலை. மாட்டை மருமகளோட அம்மா வூட்டுக்கே அனுப்பிடலாம்னு முடிவு பண்ணோம். காலையில வரச்சொல்லி வண்டிக்குச் சொல்லிட்டேன். மருமகள் மாட்டுக்குப் புல்லு அள்ளிப்போடப் போனா.

அன்னைக்குச் சாயங்காலம் வெல்லம் தீர்ந்துபோச்சு. மழை. ஜமுனாமரத்தூர் போக முடியலை. நாங்க கொடுத்த ரேஷன் சக்கரையிலயே ஒரு டம்ளர் பக்கத்து வூட்டுல கேட்டு வாங்கியாந்தா பொண்டாட்டி. மருமகள் அவ ஊர்ல இருந்து கொண்டாந்த தூள்ல டீ போட்டா. பால் வேணாம்னேன். கேக்கலை. கடைசியா ஒருதரம்னு ஊத்தினா.

மூணு பேரும் பாத்திரத்தையே பார்த்துக்கினு இருந்தோம். பொங்குச்சு. திரியலை. டம்ளர்ல ஊத்தினா. அப்பவும் திரியலை. பொண்டாட்டி ஸ்பூனை வுட்டுக் கிண்டிப் பார்த்தா.

மருமகள் வெல்லப் பானையை இழுத்து அடியைச் சொரண்டினா. ஒட்டிக்கினு இருந்ததை மீதி டீயில போட்டுக் கொதிக்கவிட்டா. திப்பி திப்பியாத் திரிஞ்சுது.

"மாமா, மாட்டு மேல தப்பு இல்ல. வெல்லந்தான் பாலைத் திரிக்குது."

சொல்லிட்டுச் சிரிச்சா. வந்ததுல இருந்து அப்பத்தான் பல்லு தெரியச் சிரிச்சா.

உங்க வூட்டுல வெல்லமே போடமாட்டீங்களான்னு பொண்டாட்டி கேட்டா. டீக்கு எப்பவும் வெள்ளைச் சக்கரைதான் அத்தை, எனக்கு எப்படித் தெரியும்னா அவ. எங்களுக்கு மட்டும் எப்படித் தெரியும். நாங்க பாலே ஊத்தினது இல்லை.

"காலையில வண்டி வருமே மாமா."

"வரட்டும். டீ குடிச்சிட்டுப் போவட்டும்."

வண்டிக்காரன் வந்தான். மாடு எங்கன்னான். டம்ளரைக் கையில கொடுத்தேன். ரெண்டு டம்ளர் குடிச்சான். எவனோட புளி மூட்டையையோ ஏத்திக்கினு மலை இறங்கினான்.

அப்புறம் ஆலங்காயம் போனப்ப மருமகள் நாட்டுச் சக்கரை வாங்கியாந்தா. அதுலயும் பால் திரிஞ்சுது. இப்ப வூட்டுல மூணும் இருக்கு. வரக்காப்பிக்கு வெல்லம். பால் டீக்கு வெள்ளைச் சக்கரை. சாமைக் களிக்குத் தொட்டுக்க நாட்டுச் சக்கரை. எதுல கை வெக்கறதுன்னு பொண்டாட்டி இன்னும் குழம்புறா.

போன மாசம் மாடு இங்கயே கன்னு போட்டுச்சு. கிடேரி. சீம்பாலுக்கு எதைப் போடலாம்னு மருமகள் என்னைக் கேட்டா. வெல்லம்னேன். சீம்பால் கட்டியானாத்தான் ருசி. சட்டியை நடுவுல வெச்சுச் சுத்தி உக்காந்து தின்னோம். அடியை நான் வழிச்சேன்.