செத்துப்போன ஆறு நத்தைகள்

பச்சைத் தேயிலை விலை சரிந்து கிடந்த வருடம், மலையிலிருக்கும் எங்கள் கட்டபெட்டு வீட்டிலேயே வண்ண மீன் வளர்த்து விற்கலாமென்று கண்ணாடித் தொட்டி வாங்கினேன். "இலை போச்சு, இனி மீனையும் கொல்லுங்க" என்றாள் மனைவி. மீனுக்கு முன் ஆறு நத்தைகளை விடச் சொன்னார் தொட்டி விற்ற கடைக்காரர். அவற்றின் கழிவைத் தின்று கல்லிலும் வடிகட்டிப் பஞ்சிலும் நல்ல பாக்டீரியா பெருகித் தண்ணீர் பக்குவமாகுமாம்.

ஐந்து வாரம் போயிற்று; அடுத்த வாரம் மீன் வரவேண்டும். அன்று பனி கொட்டிய காலையில், ஆறும் ஓட்டின் வாயை மூடிக்கொண்டு அடியில் கிடந்தன. பிணங்களை வாளியில் போட்டு வாசலில் வைத்தேன். விஷத் தண்ணீரென்று முழுவதையும் கொட்டி, கூழாங்கல், வடிகட்டிப் பஞ்சு எல்லாவற்றையும் பிளீச்சிங் பவுடரால் தேய்த்தேன். பிறகு கடைக்காரரைப் போனில் பிடித்து, "நோஞ்சான் நத்தைய என் தலையில கட்டிட்டீங்களே" என்று கத்தினேன்.

"ஏனுங்க, மோந்து பாத்தீங்களா? செத்திருந்தா ஊடு பூரா நாறுமுங்க. குளிருக்கு மூடிக்கிட்டு கெடக்கும். தண்ணிய கொட்டலீல்ல?"

போனை வைத்துவிட்டேன். வெயிலில் இருந்த வாளியில் ஆறு பிணங்களும் கொம்பை நீட்டி ஊர்ந்தன. "அஞ்சு வாரத்து வேலைய அரை மணி நேரத்துல கழுவிட்டீங்க" என்றாள் மனைவி.

மீனைத் தள்ளிப்போட்டு, முதலிலிருந்து தொடங்கினேன். இப்போது பஞ்சைத் தொட்டித் தண்ணீரில் மட்டுமே அலசுகிறேன். நத்தை அசையாவிட்டால், எதையும் கொட்டுமுன் எடுத்து முகர்ந்து பார்க்கிறேன், மனைவி அடுப்படியில் இருக்கும் நேரமாகப் பார்த்து.