ஜெபா முறுக்கின நட்டு

டீசல் மணம் சோப்புக்குப் போகாது. தேங்காய் நாரும் சாம்பலும் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தாலும், மரச்சீனிக் கிழங்கை மீன்குழம்பில் தொட்டு வாய்க்குக் கொண்டுபோகும்போது, குழம்பின் புளியை முந்திக்கொண்டு அதுதான் மூக்கில் ஏறும். "பொம்பளப் பிள்ளைக்க கையில உள்ள மணமா இது? நாளைக்கு ஒருத்தனுக்க வீட்டுல போய் சோறு வெளம்பாண்டாமா?" என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். எனக்கோ அந்த மணம் பிடிக்கும். பள்ளிக்கூடத்தில் பாடம் நடக்கும்போது யாரும் பார்க்காமல் உள்ளங்கையை முகர்ந்துகொள்வேன். எங்கள் வீட்டில் ஜீப் இருக்கிறது, அதற்கு நானும் ஒரு ஆள் என்கிற பெருமை அதில் இருந்தது.

கேரளத்தில் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய வெள்ளறடையில் இருந்து மலைப்பக்கமாகப் போகும் ரோட்டை விட்டு, ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே ஏறும் ஒரு மண்பாதையின் முடிவில் எங்கள் வீடு. மழைக்காலத்தில் ஆட்டோக்காரர்கள் கீழேயே ஆளை இறக்கிவிட்டுத் திரும்பிவிடுவார்கள். அந்தப் பாதையில் ரப்பர் ஷீட்டும் மரச்சீனியும் வாழைக்குலையும் இறக்குவதற்கு அப்பா ஒரு பழைய டீசல் ஜீப் வைத்திருந்தார். ஏதோ ஓர் எஸ்டேட்டில் உழைத்துக் களைத்துப் போய் எங்களிடம் வந்து சேர்ந்த வண்டி. அதை ஓட்டிய நேரத்தைவிட அதற்கு அடியில் மல்லாந்து கிடந்த நேரம்தான் அப்பாவுக்கு அதிகம் என்று அம்மா சொல்வாள்; அதில் மிகை ஒன்றும் இல்லை. நெய்யாற்றின்கரையில் ஒர்க்‌ஷாப்புக்குக் குறைவில்லை என்றாலும் அப்பா வண்டியை வெளியே விடமாட்டார். "அவனுவ ஒண்ணெ நேரெயாக்கி ரெண்டெ கெடுப்பானுவ" என்பார். ஞாயிற்றுக்கிழமை சபைக்குப் போக வண்டி வேண்டும் என்பதால் சனிக்கிழமைதோறும் முற்றத்துச் சாய்ப்பில் அதற்கு வைத்தியம் நடக்கும்.

டீசல் வண்டிக்குக் குழாயில் காற்று நுழைந்தால் ஆகாது. டேங்கில் இருந்து வரும் டீசலோடு காற்று கலந்துவிட்டால், எத்தனை தடவை சாவியைத் திருப்பினாலும் எஞ்சின் கிழவனைப் போல இருமிவிட்டு அடங்கிவிடும். அப்போது ஃபில்டரின் தலையில் உள்ள சின்ன ஸ்குரூவை இளக்கிவிட்டு, பக்கத்தில் உள்ள கைப்பம்பை அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். முதலில் நுரை வரும், பிறகு குமிழ் வரும், கடைசியில் குமிழே இல்லாமல் டீசல் தெளிந்து வழியும். அந்த நொடியில் ஸ்குரூவை முறுக்கிவிட வேண்டும். இதற்கு எங்கள் வீட்டில் "ஏர் எடுக்கது" என்று பேர். "மக்கா, ஏர் கேறிப்போச்சு" என்று முற்றத்தில் இருந்து அப்பாவின் குரல் வந்தால், எழுதிக்கொண்டிருக்கிற கணக்கை அப்படியே போட்டுவிட்டு ஓடுவேன். பம்பு அடிப்பது என் வேலை.

நட்டு முறுக்குவதும் என் வேலையாகத்தான் இருந்தது. டேங்கில் இருந்து வரும் குழாய் பம்போடு சேரும் இடம் எஞ்சினுக்கும் சட்டத்துக்கும் நடுவில் ஒடுக்கமான பொந்து. அப்பாவின் கை அதற்குள் போனால் தோல் உரிந்துதான் வெளியே வரும். என்னுடைய ஒல்லிக்கை ஸ்பேனரோடு வழுக்கிக்கொண்டு போய்விடும். முறுக்கி முடித்ததும் நட்டின் மேலும் அதற்கு அடியிலுள்ள மூட்டின் மேலுமாகச் சேர்த்து ஒரு சிவப்புக் கோடு இழுத்துவிடுவேன். அதற்கு அக்கா சுகந்தியின் நெயில் பாலிஷைத் திருடுவேன். நட்டு திரும்பினால் கோடு முறிந்து விலகிவிடும் என்பது நானே கண்டுபிடித்த உபாயம். அப்பா அதை விளையாட்டு என்றே நினைத்தார். "வண்டிக்கும் பொட்டு போடுதியா? போதகர் கண்டா நம்மளெ சபையெ விட்டு வெளியே ஆக்குவாரு" என்று சிரிப்பார்.

என்னைவிட அக்கா பல வயது மூத்தவள். ஜீப்பின் பக்கமே வரமாட்டாள். பிளஸ் டூ முடித்ததும் அவளுக்கு நர்ஸிங் படிக்க வேண்டும் என்ற ஒரே நினைப்பு. எங்கள் சபையில் மங்களூர் ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை பார்க்கும் மாமி ஒருத்தி இருந்தாள்; அந்த மாமி லீவில் வரும்போதெல்லாம் அக்கா அவள் முந்தானையை விடமாட்டாள். கடைசியில் மாமி அங்கே சொல்லி நேர்முகத்துக்கு ஏற்பாடு செய்தாள். அதே சமயம் ஆரியங்கோட்டில் ரப்பர் தோட்டம் உள்ள ஒரு வீட்டில் இருந்து அக்காவைப் பெண் கேட்டு வந்துகொண்டிருந்தார்கள். அப்பாவின் மனது எந்தப் பக்கம் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் அவர் வாயைத் திறந்து மாட்டேன் என்று சொல்லவில்லை. அம்மா அழுது கேட்டபோதும், மாமி வந்து பேசியபோதும், "போவட்டும். நான் என்ன, வேண்டாம்ணா சொன்னேன்?" என்பதுதான் அவர் சொன்ன ஒரே பேச்சு. அதை அனுமதி என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம்.

மாமி நெய்யாற்றின்கரை ஸ்டேஷனில் காலை வண்டி ஏறுவாள், அக்கா அங்கே போய்ச் சேர்ந்துகொள்ள வேண்டும், மறுநாள் நேர்முகம், அதைத் தவறவிட்டால் அந்த வருடம் இடம் இல்லை. இப்படி எல்லாம் கூடிவந்த நேரத்தில், கேரளத்துக்கே உரிய வழக்கப்படி, முந்தின நாள் ஹர்த்தால் அறிவித்தார்கள். காலை ஆறு மணிக்குப் பிறகு பஸ் கிடையாது, ஆட்டோ கிடையாது. ரயில் மட்டும் ஓடும். ஆறுக்கு முன்னால் ஜீப்பில் ஸ்டேஷனுக்குப் போய்விட்டால் வண்டி வரும்வரை அங்கேயே உட்கார்ந்திருக்கலாம் என்று அம்மா சொன்னாள். அப்பா தலையாட்டினார்.

அன்று மாலை ஜீப்பை முழுக்கப் பார்த்தோம். டேங்குக் குழாயின் மூட்டில் டீசல் கசிந்தது. வாஷர் மாற்றி, நட்டை நான் முறுக்கி, சிவப்புக் கோடும் போட்டேன். ஏர் எடுத்தோம். அப்பா சாவியைத் திருப்ப, ஒரே அடியில் வண்டி பிடித்துக்கொண்டது. வெளியே வந்து நின்ற அம்மாவிடமும் அக்காவிடமும் என் கையைப் பிடித்துத் தூக்கிக் காட்டி, "இவளுக்க கைதான் எனக்க ஸ்பேனர்" என்றார். அந்தச் சொல்லில் நான் கிறங்கிப்போனேன். அக்காகூட என் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனாள்.

விடிகிற நேரத்தில் ஜெபம் முடித்து, பெட்டியும் பையுமாக அக்கா ஜீப்பில் ஏறி உட்கார்ந்தாள். அப்பா சாவியைத் திருப்பினார். எஞ்சின் இருமியது, அடங்கியது. மறுபடி திருப்பினார், மறுபடி இருமியது. "ஏர் கேறிப்போச்சு. அடி மக்கா" என்றார். நான் அடித்தேன். நுரை வந்தது, குமிழ் வந்தது, குமிழ் நிற்கவே இல்லை. அடிக்க அடிக்க வந்துகொண்டே இருந்தது. கீழே எங்கோ காற்று இழுக்கிறது என்று எனக்குத் தோன்றியது. "அப்பா, நான் கீழ கேறிப் பாக்கட்டா?" என்று கேட்டேன். "நான் பாத்தாச்சு. நீ நிப்பாட்டாம அடி" என்றார். உள்ளங்கை கொப்புளித்து நீர் கோத்துவிட்டது. அக்கா இறங்கி வந்து என் பக்கத்தில் நின்றுகொண்டு, "வேகம் அடி பிள்ளே, வேகம் அடி" என்று கெஞ்சினாள். அம்மா, "நடந்து பார்டர் தாண்டிப் பனச்சமூட்டுக்குப் போனா தமிழ்நாட்டு பஸ் கிட்டும், அந்தப் பக்கத்து ஸ்டேஷன்ல ரயில் கேறலாம் இல்லியா?" என்று கேட்டதற்கு, "பெட்டியும் தூக்கியோண்டா? இப்பம் வண்டி ரெடியாவும்" என்றார் அப்பா. அந்த "இப்பம்" இழுத்துக்கொண்டே போயிற்று. கீழே ரோட்டில் கல் உருட்டிப் போடும் சத்தமும், பின்னாலேயே கோஷமும் கேட்கத் தொடங்கின. அக்கா போய் வாசற்படியில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

அதற்குப் பிறகுதான் அப்பா டார்ச் எடுத்துக்கொண்டு அடியில் படுத்தார். படுத்த வேகத்தில் வெளியே வந்து, எல்லோருக்கும் கேட்கும்படி, "டேங்குக்க நட்டு லூசு. பிள்ளை முறுக்கினதாக்கும்" என்றார்.

அவர் கையில் இருந்த டார்ச்சைப் பிடுங்கிக்கொண்டு நான் உள்ளே நுழைந்தேன். மூட்டின் மேல் என் கோட்டின் பாதி அப்படியே இருந்தது. நட்டின் மேல் இருந்த பாதியைக் காணோம். விரலால் தடவித் தேடினால், அது சுற்றிக்கொண்டு மறுபக்கம் போயிருந்தது. ஆட்டத்தில் இளகுகிற நட்டு அப்படித் திரும்பாது, வண்டியோ நேற்று மாலை முதல் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. ஸ்பேனர் வைத்து ஒருவர் திருப்பினால்தான் திரும்பும். அந்த வீட்டில் ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தவர்கள் நானும் அப்பாவும்தான்.

வெளியே வந்து அவர் முகத்தைப் பார்த்தேன். அவரும் பார்த்தார். எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவருக்கும் தெரிந்துவிட்டது. "பாத்தியா மக்கா? லூசு தானே?" என்றார், மிகவும் அன்பாக. அப்பா கேட்டால் தலையாட்டிப் பழகிய கழுத்து, தானாக ஆடியது. பிறகு அவர் என்னைக் கொண்டே அந்த நட்டை முறுக்கவைத்தார். ஏர் எடுத்ததும் வண்டி ஒரே அடியில் பிடித்துக்கொண்டது; கீழே ரோடுதான் அதற்குள் அடைந்துபோயிருந்தது. அம்மா என் முதுகில் வைத்த அடி இன்னும் நினைவிருக்கிறது. அக்கா அடிக்கவில்லை. ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போனவள், நெடுநாள் என்னிடம் மிண்டவே இல்லை, ஒரு பேச்சு கிடையாது.

மாமி தனியாகப் போனாள். அந்த மழைக்காலம் முடிவதற்குள் ஆரியங்கோட்டுக் கல்யாணம் நடந்தது. சபைக் கோவிலுக்கு அதே ஜீப்பில்தான் போனோம்; அன்றைக்கு அது ஒரு இருமல்கூட இருமவில்லை. மறுப்பதற்கு வாய் வராத மனிதர், மகளுடைய கையை வைத்து மறுத்துவிட்டார். செய்யாத குற்றத்துக்கு என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டு, சனிக்கிழமை வந்ததும் "ஏர் எடுக்கணும் மக்கா, வா" என்று கூப்பிடவும் அவரால் முடிந்தது. நான் போகவில்லை. "ஒரு தப்பு பற்றினதுக்கா இப்பிடி வெறுத்துப்போனே?" என்று அதற்கும் அவர் ஊரறிய வருத்தப்பட்டார்.

எங்கள் குடும்பத்தில் இதற்கு ஒரு சொல்லே பிறந்துவிட்டது. என் பேரைச் சேர்த்து, அரைகுறையாய்ச் செய்த எந்த வேலைக்கும் "ஜெபா முறுக்கின நட்டு" என்று பேர். ஒழுகுகிற பைப்பும், பொத்தான் தெறித்த சட்டையும், பாதியில் நின்ற வீட்டுப்பணியும் எல்லாம் ஜெபா முறுக்கின நட்டுதான். எனக்குப் பிறகு பிறந்த தம்பியும் மற்ற பிள்ளைகளும் கதை தெரியாமலேயே அதைச் சொல்லிச் சிரித்தார்கள். நான் மறுத்துப் பேசவில்லை. உண்மையைச் சொன்னால் அக்காவுக்கு அப்பாவும் இல்லாமல் போய்விடுவார். படிப்புதான் போயிற்று, அவளுக்கு அப்பாவாவது மிஞ்சட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

போன வருடம் அப்பா காலமானார். நினைவு ஆராதனை முடிந்து சாப்பாட்டுப் பந்தியில் சித்தப்பா, எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது, கொஞ்சம் சிரிக்கவைக்கலாம் என்று அந்த நட்டுக் கதையை எடுத்துவிட்டார். கூட்டம் சிரித்தது. பின்பக்கத்துக் குழாயடியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அக்காவின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, இனி யாரைக் காப்பாற்ற என்று, எல்லாவற்றையும் அவளிடம் கொட்டினேன்.

அக்கா கையை நிறுத்தவில்லை. "தெரியும் பிள்ளே" என்றாள். "அன்னைக்கு முகம் கழுவ எறங்கினப்பம், அப்பா ஸ்பேனரும் கொண்டு ஜீப்புக்க அடியில இருந்து வாறதெ கண்டேன். சும்மா ஒரு நோட்டம் பாத்தேன்ணாரு. பெறவு வண்டி ஸ்டார்ட் ஆவாம நிண்ணப்பம் மனசிலாச்சு."

"பின்னெ ஏன் எனக்கிட்ட மிண்டாம நடந்தே?"

"அப்பாவெ பகைச்சா நான் எங்க போவேன்? கல்யாணம் நடத்துததும் பேறு பாக்குததும் அப்பாதானே. யாரையாவது பகைக்காண்டாமா பிள்ளே? நீ சின்னப்பிள்ளை. உன்னெ பகைச்சா எனக்கு ஒரு நஷ்டமும் இல்ல." சொல்லிவிட்டு, கழுவிய பாத்திரத்தை என் பக்கம் நீட்டினாள். நான் வாங்கிக் கவிழ்த்து வைத்தேன்.

ஜீப்பை எடைக்குப் போட்டு வெகுகாலமாயிற்று. சாய்ப்பை இடித்த இடத்தில் தம்பி கார் நிறுத்துகிறான். அதன் மூடியைத் திறந்து பார்க்கக்கூட அவனுக்குத் தெரியாது, ஃபோன் செய்தால் ஆள் வந்து கொண்டுபோய்விடுகிறான். மண்பாதை கான்கிரீட் ஆகிவிட்டது. இதெல்லாம் போனதில் எனக்கு வருத்தம் இல்லை. அப்பாவை நான் அன்று காலையே இழந்துவிட்டேன், அது தெரிந்த கணக்கு. அதே காலையில் அக்காவும் போயிருந்தாள் என்பதுதான் தெரியாமல், அவளுக்காக இத்தனை காலம் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.